மேரு மணியில் நின்ற கால்

2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு என் ஜெபமாலை சாமித் தட்டில் இருக்கவில்லை. என் காற்சட்டைப் பையில் இருந்தது. அதைக் கொண்டு நான் இறைவன் பெயரை எண்ணவில்லை. என் காலடிகளை எண்ணினேன். அது எங்கே கொண்டுபோய் என்னை நிறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வருகிற அடியார்களில் சிலர் இதை என் வாயாலேயே கேட்டிருக்கிறார்கள். வாயால் சொல்லும்போது கூட்டியும் குறைத்தும் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது வயது எழுபத்தொன்று. இலங்கையில் இருபத்திரண்டு வருடம் நில அளவையாளனாக வேலை செய்தவன். லண்டனுக்கு வந்து பதின்மூன்று வருடம் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து ஓய்வு பெற்றேன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் வீட்டு மாடிப்படி பதின்மூன்று. சந்தி வரைக்கும் விளக்குக் கம்பம் ஒன்பது. என் மனைவி பரமேஸ்வரிக்கு நீரிழிவால் கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. அவளுக்குக் காலையில் ஐந்து குளிசை, மாலையில் மூன்று. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, ஒவ்வொரு தடவையும் பதினெட்டு அலகு. ஊசிப் பேனாவின் அடிப்பக்கத்தைத் திருகி அந்த எண்ணைக் கொண்டுவருவது என் வேலை. ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் அதை நான் வேறு ஆளிடம் விட்டதில்லை.

என் ஒரே தம்பி சிவநேசன் குடும்பத்தோடு வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். 2009 ஜனவரி முதலாம் தேதி நான் ஜெபம் தொடங்கினேன். 'ஓம் சரவணபவ' என்று நாளுக்குப் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்கு மாலையில் நூற்றெட்டு மணி. ஆனால் கணக்கில் நூறு என்றுதான் எழுதுவேன். மிச்ச எட்டும் மனம் தவறிய இடத்துக்கும் நாக்குத் தவறிய இடத்துக்கும் என்று விட்டுவிடுவது என் தகப்பனார் சொல்லித் தந்த முறை. நாற்பது வருடமாக என் விரலுக்கு ஒரு சுற்று என்றால் நூறுதான். மாலையின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் பெரிய மணி ஒன்று இருக்கிறது. மேரு மணி என்பார்கள். அதை எண்ணக்கூடாது, தாண்டவும் கூடாது. விரல் அதில் பட்டதும் நிறுத்தி, மாலையைத் திருப்பிப் பிடித்து, வந்த வழியே போக வேண்டும்.

சண்டை முடியும் வரைக்கும், அதாவது மே மாதம் பதினேழாம் தேதி வரைக்கும், நூற்று முப்பத்தேழு நாள். ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம். கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஆனி மாதம் முகாமிலிருந்து தம்பியின் மனைவி யாரோ ஒருவருடைய தொலைபேசியில் பேசினாள். மூன்று நிமிடம்தான் பேசினாள். தம்பி இல்லை என்றாள். எந்த இடம், எந்த நாள் என்று கேட்டேன். அவளுக்கு நாள் தெரியவில்லை.

அன்றைக்குக் கொப்பியை மூடினேன். சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, "நான் குறையில்லாமல் தந்தேன். நீ என்ன தந்தாய்?" என்று கேட்டேன். இதை மறைத்து எழுதினால் இந்தச் சாட்சிக்குப் பொருள் இல்லை. மாலையைப் பையில் போட்டேன். எண்ணுவதற்காவது உதவட்டும் என்று நினைத்தேன்.

நடப்பது எனக்கு வைத்தியர் சொன்ன மருந்து. வருடத்துக்கு ஒரு முறை தூரத்து மலைப்பக்கம் போய் இரண்டு நாள் நடப்பேன். கூடாரம், வரைபடம், திசைகாட்டி எல்லாம் பழைய தொழிலில் பழகியவை. நண்பர் குணம் கூட வருவார். என்னைவிட ஐந்து வயது இளையவர். அந்த வருடம் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்துக்குப் போவது என்று முடிவு செய்தோம். மரமில்லாத மொட்டை மலைகள், சதுப்பு, கல். அங்கே வேலி கடந்த வெளியில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்க அனுமதி உண்டு. செப்டம்பர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை புறப்படுவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை குணம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, எனக்கு முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போச்சு. வர ஏலாது. நீங்களும் இந்த முறை விடுங்கோ."

"ரிக்கெட் எடுத்தாச்சு."

"ரிக்கெட் போனால் போகட்டும். தனியப் போய் விழுந்து கிடந்தால் ஆர் எண்ணுறது?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்ப்போம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

பரமேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆர், குணம் தம்பியே?"

"ஓம்."

"அவரும் வாறார் தானே?"

"ஓம்," என்றேன். முப்பத்தைந்து மணிநேரப் பயணம்தான், எதற்கு அவளைக் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

"நாளைக்குப் புரட்டாசிச் சனி," என்றாள் அவள். "இண்டைக்கு அமாவாசை. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாளிலை கல்லிலும் முள்ளிலும் போய்ப் படுக்கவேணுமோ? சிவநேசனுக்கு எண்டாலும் ஒரு விளக்கு வைச்சிட்டுப் போங்கோ."

விளக்கு வைக்கவில்லை. அவளுக்காக ஊசிப் பேனா இரண்டைப் பதினெட்டுக்குத் திருகி வைத்தேன். இடது பக்கத்தில் சனி மாலைக்கு, வலது பக்கத்தில் ஞாயிறு காலைக்கு. ஞாயிறு மாலை ஊசிக்கு முன் நான் வந்துவிடுவேன் என்று சொன்னேன். பின்னேரம் ஐந்து மணிக்கே வந்துவிடுவேன் என்றேன்.

சனிக்கிழமை அவளுக்குக் காலை ஊசியைத் திருகிக் கொடுத்துவிட்டு ஐந்து ஐம்பதுக்கு வீட்டை விட்டேன். நாலு ரயில், ஒரு பஸ். பன்னிரண்டு பத்துக்குக் கடைசி வேலிப் படலையைத் தாண்டி மேட்டு நிலத்துக்குள் கால் வைத்தேன். படலையடியில் நாயோடு ஒரு வெள்ளைக்கார முதியவர் நின்றார். ஆட்டுக்காரர் போலிருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்டார். வரைபடத்தில் காட்டினேன். விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, இந்தக் குழிப் பக்கம் கவனம், போன மாரியில் வேலி விழுந்துவிட்டது என்றார். பிறகு மேற்கே பார்த்தார். வானம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அவர், தனியாகவா என்று இரண்டு தடவை கேட்டார். நான் நிலம் அளந்தவன் என்று சொன்னேன். அவர் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

அவர் தொட்ட இடம் எனக்கு முன்பே தெரியும். நான் தங்க இருந்தது ஓர் ஓடைக் கரை. பழைய ஆட்டுக்கொட்டில் ஒன்றின் கல் வட்டம் அங்கே காற்றுக்கு மறைப்பு. அதற்கு மேற்கே நூற்று அறுபது மீட்டரில், எப்போதோ கைவிடப்பட்ட கருங்கல் குழி. வரைபடத்தில் அதைச் சிறு பல் பல்லாகக் கீறியிருந்தார்கள்.

முதல் நான்கு மணிநேரமும் நல்ல நடை. ஆனால் மனம் சரியில்லை. வழியில் ஏழு ஆட்டு மண்டையோடுகள் கண்டேன். காகம் ஒன்று கல்லுக்குக் கல் மாறி என்னோடேயே வந்தது. எத்தனை கல் என்று எண்ணினேன். பதினொன்றாவது கல்லில் அது காணாமல் போனது. நாலு நாற்பதுக்குத் திரும்பிப் பார்த்தபோது நான் ஏறி வந்த மலை இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது. அது அசைகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கையை எனக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது.

மூடுபனி என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லுகிறோம். லண்டனில் காண்பது மூடுபனி அல்ல. அங்கே அது சத்தத்தையும் தின்றது. என் சப்பாத்தின் சத்தம் எனக்குப் பின்னால் யாரோ நடப்பது போல் வந்தது. நான் நின்றால் அது அரை நொடி பிந்தி நின்றது.

ஒரு கற்சுவரைக் கண்டுபிடித்து அதைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். சுவர் முடிகிற மூலைக்கு வரும்போது ஆறு ஐம்பது. அது வரைபடத்தில் உள்ள மூலை. அங்கேயே கூடாரத்தை விரித்துப் படுத்திருக்கலாம். தண்ணீர் இல்லை, காற்று பலம், அதுதான் காரணம் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. சுவர் மூலையிலிருந்து நேர் மேற்கே இரண்டாயிரத்து நூறு மீட்டர். பிறகு தெற்கே திரும்பி முந்நூறு மீட்டர் சரிவு. ஆட்டுக்கொட்டில். திசைகாட்டியும் காலடிக் கணக்கும் இருந்தால் கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் போவேன். வன்னிக் காட்டுக்குள் அப்படிப் போயிருக்கிறேன். கடவுளின் கணக்குத்தான் பிழைக்கும், என் கணக்குப் பிழைக்காது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது.

வலது கால் நிலத்தில் படும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று. அப்படி நூறுக்கு நூற்று நாற்பது மீட்டர். புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் நாடா வைத்து அளந்து, வாயால் எண்ணிச் சரிபார்த்திருந்தேன். இரண்டாயிரத்து நூறுக்குப் பதினைந்து நூறு. வலது பையில் பதினைந்து கச்சான் கொட்டை, நிலக்கடலைதான், எண்ணிப் போட்டேன். மாலை ஒரு சுற்று வந்ததும் ஒரு கொட்டையை இடது பைக்கு மாற்ற வேண்டும். ஒரு கையில் திசைகாட்டியும் விளக்கும், மறு கையில் மாலை. ஏழு ஐந்துக்கு முதல் அடி வைத்தேன்.

மேரு மணியில் நான் நிற்கவில்லை. ஆனியிலிருந்தே நிற்பதில்லை. அதை விரலால் உருட்டித் தாண்டிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்குவேன். முதல் தடவை தாண்டியபோது உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது.

அமாவாசைக்கு மறுநாள். நிலவு இல்லை. ஏழே முக்காலுக்குள் வெள்ளை எல்லாம் கறுப்பாகிவிட்டது. விளக்கை அடித்தால் முகத்துக்கு முன்னால் ஒரு சுவர். அணைத்தால் ஒன்றுமே இல்லை. ஆறாவது கொட்டை. ஏழாவது. சதுப்பில் முழங்கால் வரைக்கும் இரண்டு தடவை போனேன். பத்தாவது கொட்டையை மாற்றும்போது மூச்சுச் சத்தம் கேட்டது. பெரிய மூச்சு. என் இடது பக்கத்தில், ஒரு கை தூரத்தில். நான்கு தடவை கேட்டது. பிறகு இல்லை. காட்டுக் குதிரையாக இருக்கும் என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

எட்டுப் பதினேழுக்குப் பதினைந்தாவது கொட்டை இடது பைக்கு வந்தது. தெற்கே திரும்பினேன். நிலம் சரிந்தது. சரிவு இருக்க வேண்டிய இடத்தில் சரிவு இருந்தது. எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. இனி முந்நூறு மீட்டர். இரண்டு சுற்றும் பதினாலும்.

நாற்பதோ ஐம்பதோ மணி போயிருக்கும். மறுபடி அந்த மூச்சு. இந்தத் தடவை முன்னால். பிறகு ஒரு கல் உருளும் சத்தம், அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு ஆழத்தில் எங்கோ ஒரு சத்தம். கையிலிருந்த விளக்கு நழுவிப் புல்லில் விழுந்து அணைந்தது. தடவி எடுத்தேன். எரியவில்லை. எண்ணிக்கை போய்விட்டது. ஐம்பதா, அறுபதா, எனக்குத் தெரியவில்லை. இருட்டில் திசைகாட்டியின் முள்ளும் தெரியவில்லை.

அப்போதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்று என்னைத் தெரிந்த ஒருவருக்கும் தெரியாது என்பது உறைத்தது. குணம் நான் போகவில்லை என்று நினைத்திருப்பார். பரமேஸ்வரி நான் குணத்தோடு இருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். மகன் லண்டனின் மறுகோடியில், கிங்ஸ்பரியில் இருக்கிறான். அவனுக்குச் சொன்னால் தடுப்பான் என்று சொல்லவே இல்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவள் மேசையைத் தடவுவாள். இரண்டு பேனாவும் முடிந்திருக்கும். மூன்றாவதை யார் திருகித் தருவது? கூட்டித் திருகினாலும் ஆபத்து, குறைத்தாலும் ஆபத்து. மகனுக்கு அவள் தொலைபேசி எடுக்க மாட்டாள். நான் வருவேன் என்று சொன்னதால் காத்துக்கொண்டே இருப்பாள். அவள் அப்படித்தான்.

நிற்கவும் பயம். பின்னால் அந்த மூச்சு இருக்கலாம். ஆட்டுக்கொட்டில் கீழேதான் என்று மனம் சொன்னது. மெல்ல மெல்லக் கீழே நடந்தேன். வாய் தானாக, "ஓம் சரவணபவ" என்றது. நான்கு மாதத்துக்குப் பிறகு. "முருகா, என்ரை கணக்கெல்லாம் பிழைச்சுப் போச்சு. அவளுக்காக என்னைக் கொண்டுபோய்ச் சேர்," என்று சத்தமாகக் கேட்டேன். பிறகு மறுபடி சரவணபவ. ஓர் அடி, ஒரு நாமம், ஒரு மணி. மாலையின் எந்த மணியிலிருந்து தொடங்கினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வாழ்வில் நான் எண்ணாமல் நடந்த அடிகள் அவைதான்.

விரலில் மேரு மணி பட்டது. விரல் நின்றது. விரலோடு காலும் நின்றது.

நான் நிற்க நினைக்கவில்லை. ஆனியிலிருந்து நூறு தடவைக்கு மேல் அந்த மணியை உருட்டித் தாண்டியவன். அன்று மாலை மட்டும் பதினைந்து தடவை. எண்ணும்போது தாண்டிய விரல், ஜெபிக்கும்போது தாண்டவில்லை. மாலையைத் திருப்பிப் பிடிப்பதற்காக, தூக்கிய வலது காலைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

முகத்தில் கீழிருந்து மேலாகக் காற்று அடித்தது. குளிர்ந்த, அழுகிய தண்ணீர் வாடை. சரிவில் காற்றுக் கீழிருந்து இப்படி நேராக வராது. அதை நில அளவையாளனுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மெல்லக் குந்தினேன். கையால் தடவி ஒரு கல்லை எடுத்து முன்னால் போட்டேன். கையை நீட்டக்கூட இல்லை, விட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பிறகுதான் தண்ணீர்ச் சத்தம் வந்தது. இரண்டு நொடி என்றால் இருபது மீட்டர்.

அதற்குப் பிறகு நான் எழும்பவில்லை. வயிற்றால் பின்னுக்கு ஊர்ந்தேன். கூடாரத்தை விரிக்கத் துணிவு வரவில்லை. காற்று அதைப் பிடித்தால் என்னையும் சேர்த்து இழுத்துவிடும். கூடாரத் துணியை உடம்பில் சுற்றிக்கொண்டு ஒரு கல்லில் முதுகை வைத்தேன். பரமேஸ்வரி கட்டித் தந்த புட்டு குளிரில் மண்ணாங்கட்டி போல இருந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இரவு முழுக்க, கீழே தண்ணீருக்குள் ஏதோ ஒன்று கல்லில் மெதுவாக முட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அது என்னவென்று நினைக்காமல் இருக்க ஜெபித்தேன். எத்தனை சுற்று என்று கேட்காதீர்கள். மேருவுக்கு வந்தால் திருப்பினேன். அவ்வளவுதான் தெரியும். கால்விரல்கள் மரத்துப்போய்ப் பல் கிட்டியது. நித்திரை கொண்டால் எழும்ப மாட்டேன் என்று தெரிந்தது. அந்த மாலைதான் என்னை எழுப்பி வைத்திருந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்குப் பனி விலகியது. முதலில் என் சப்பாத்துத் தெரிந்தது. பிறகு புல். பிறகு புல் முடிந்துவிட்டது.

குழியின் விளிம்பில் பதினொரு வேலிக் கட்டை அடியோடு சரிந்து தொங்கின. கீழே கறுப்புத் தண்ணீர். செத்த ஆடு ஒன்று மிதந்து கரைக் கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. ஈர மண்ணில் என் வலது சப்பாத்தின் அடையாளம் தெளிவாக இருந்தது. படுத்துக் கையை நீட்டி அளந்தேன். என் பெருவிரல் இருந்த இடத்துக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு சாணும் மூன்று விரலும்.

எங்கே பிழைத்தது என்று வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினைந்து சுற்று. சுற்றுக்கு நூற்றெட்டு மணி. நான் நூறு என்று எழுதியிருக்கிறேன். எட்டை விட்டுவிடும் பழக்கம். ஜெபத்தில் விடலாம், நிலத்தில் விடலாமா? பதினைந்து எட்டு நூற்றிருபது. நூற்று அறுபத்தெட்டு மீட்டர் மேற்கே கூடுதலாக வந்திருக்கிறேன். முந்தின நடைகளில் கண்ணால் பார்த்து நடந்ததால் அந்தப் பிழை எனக்குத் தெரியவே இல்லை. வரைபடத்தில் அந்தப் பல் பல்லான கீறலின் மேல் என் விரல் சரியாக நின்றது.

கால் வீங்கிவிட்டதால் திரும்பி வர நேரம் பிடித்தது. கைத்தொலைபேசி வைத்திருக்காததால் பாதையோரத்துத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து ஒரு மணி இருபதுக்கு வீட்டுக்கு எடுத்தேன். இருபத்துநாலு தடவை அடித்தது. எடுக்கவில்லை. மகன் வீட்டுக்கும் எடுத்தேன், அங்கேயும் ஆள் இல்லை. முற்பகல் பஸ் போய்விட்டது, அடுத்தது வரும்போது இரண்டரை. ரயில் முழுக்க எனக்கு ஒரே காட்சிதான். ஆறு மணி. மேசை. தடவுகிற கை. ஆறு மணிக்கு நான் ரயிலுக்குள் இருந்தேன்.

இரவு எட்டேகால். வீட்டில் விளக்கு இல்லை. திறப்பைப் பூட்டில் வைக்க மூன்று தடவை தவறியது. உள்ளே இருட்டு. "பரமேஸ்," என்றேன். சத்தமில்லை. சாமித் தட்டுப் பக்கம் போய் விளக்கைப் போட்டேன். அவள் தரையில் சுவரில் சாய்ந்து இருந்தாள். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண் மூடியிருந்தது.

கையைப் பிடித்தேன். சூடு இருந்தது. கைக்குள் அவளுடைய துளசி மாலை. விரல் நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் நாலைந்து மணி நகர்ந்து, மேருவுக்கு வந்து, மாலையைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"வந்திட்டீங்களே. சப்பாத்தைக் கழட்டுங்கோ. சேறு மணக்குது."

"ரெலிபோன் அடிச்சது. ஏன் எடுக்கேல்லை?"

"அப்பவும் ஜெபத்திலைதான் இருந்தனான். பாதியிலை எழும்பலாமோ? நீங்கள் உயிரோடை இருந்தால் வருவீங்கள்."

"பின்னேர ஊசி?"

"போட்டிட்டன்."

"ஆர் திருகித் தந்தது? எத்தனை?"

"பதினெட்டு. திருகேக்கை கிளிக் கிளிக்கெண்டு கேக்கும் தானே. எண்ணிப் போட்டனான். இந்த வீட்டிலை நீங்கள் மட்டுமோ எண்ணத் தெரிஞ்ச ஆள்?"

ஒன்பது வருடம். ஒரு நாளாவது அவளிடம் கேட்டதில்லை. இரத்தத்தில் சீனி பார்த்தேன். இங்கத்தைய அளவில் ஒன்பது தசம் ஒன்று. நான் திருகித் தந்த நாட்களில்கூட அப்படி அழகாக நின்றதில்லை.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "குணம் தம்பி நேற்று இரவு எடுத்தவர். அண்ணை நிக்கிறாரோ எண்டு கேட்டார். அப்பதான் நீங்கள் தனியப் போனது விளங்கிச்சு. உங்கடை பொய்யைக் காட்டிக்குடுக்க மனமில்லாமல் நித்திரையெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் சொல்லேல்லை? பொலிசுக்கு எண்டாலும் சொல்லியிருக்கலாம்."

"என்னெண்டு சொல்ல? எங்கை போனீங்கள் எண்டு எனக்குத் தெரியுமே? அந்த இடத்தின்ரை பேர்கூட எனக்குச் சொல்லேல்லை. தெரிஞ்ச ஒரு ஆளிட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தனான்."

சனி இரவு எத்தனை மணிக்கு அவள் ஜெபத்தில் உட்கார்ந்தாள் என்று கேட்டேன். எட்டு இருபதா, எட்டரையா, என் கால் நின்ற நேரம்தானா என்று தெரிந்துகொள்ள ஆசை. மணிக்கூடு பார்க்கத் தெரிந்தால் உங்களை ஏன் கட்டி மாய்கிறேன் என்றாள். எனவே அது எனக்குத் தெரியாது. தெரியாததை இங்கே நான் எழுதவில்லை.

அடியார்களே, நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். என் தம்பிக்காக ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் ஜெபித்தேன். அவன் வரவில்லை. எனக்காக அந்தச் சரிவில் எத்தனை என்றே தெரியாத ஒரு சின்னத் தொகை ஜெபித்தேன். நான் வந்தேன். ஏன் அப்படி? அவன் என்னைவிட நல்லவன். இந்தக் கேள்வி என்னோடு சுடலை வரைக்கும் வரும். ஆனால் அதற்கு முன்பெல்லாம் கணக்குக் காட்டு என்று அதட்டிக் கேட்டேன். இப்போது கேட்கிற விதம் வேறு. பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் கேட்பது போலக் கேட்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கோவிலில் எள்ளெண்ணெய் விளக்கு இரண்டு வைத்தேன். ஒன்று சனீஸ்வரனுக்கு. மற்றது சிவநேசனுக்கு. அவன் இறந்த நாள் தெரியாததால் இதுவரை ஒன்றும் செய்யாமல் இருந்தேன். நாள் தெரியாவிட்டாலும் விளக்கு எரிகிறது.

மாலை இப்போது சாமித் தட்டில் இருக்கிறது. காலையும் மாலையும் பரமேஸ்வரியும் நானும் உட்காருகிறோம். கொப்பியில் எழுதுவதில்லை. ஊசியை அவளே திருகுகிறாள். நான் பக்கத்தில் நின்று வாய்க்குள் எண்ணுகிறேன், அதை விட என்னால் முடியவில்லை. "பதினேழோ பதினெட்டோ?" என்று என்னைச் சீண்டுவாள். மலைக்குப் போவதில்லை. எங்கே போனாலும், அது கடைச்சந்தியாக இருந்தாலும், இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.

அந்த வருடத்துக்குப் பிறகு ஜெபமாலையை எடுத்து ஒளித்து வைத்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். சிலர் வெள்ளிக்கிழமைகளில் வந்து பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்க்கிறேன். உங்களோடு நான் வாதாட வரவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியை நானும் கேட்டவன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அதை வெளியே எடுங்கள். எந்த மணியிலிருந்து என்று பார்க்காதீர்கள், கையில் அகப்பட்டதிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை வேண்டாம். மேரு மணி விரலில் பட்டால் மட்டும் நில்லுங்கள்.

அதற்கு அப்பால் ஒரு சாணும் மூன்று விரலும்தான் இருந்தது.